யூனிவர்சிட்டிய உண்மையில யாரு ஓட்டறாங்க? காலேஜ் எண்ணிக்கை எகிறும்போது உள்ள என்ன நடக்குது?

ரிசல்ட் லேட்டா வந்தா "வி.சி. (துணைவேந்தர்) சரியில்ல". ஃபீஸ் ஏறினா "யூனிவர்சிட்டிக்காரன் கொள்ளையடிக்கறான்". டிகிரி சர்டிஃபிகேட் வரலன்னா "கவர்னர் கையெழுத்து போடல". காலேஜ் போற புள்ளைங்க இருக்கற எந்த வீட்டுலயும், ஊட்டியோ கோத்தகிரியோ கூடலூரோ, இந்த மூணுல ஒண்ணாவது காதுல விழாம இருக்காது. வாட்ஸப் குரூப்ல கேக்கவே வேணாம், யூனிவர்சிட்டியோட ஆட்சிக்குழுவுக்கு சிண்டிகேட்னு பேரு, அந்த வார்த்தை வந்தாலே ஏதோ கடத்தல் கும்பல் ரேஞ்சுக்கு பேசறாங்க.

இதுல யாரு என்ன வேலை பாக்கறாங்கன்னு புரியாமதான் நெறைய பேர் கோவப்படறாங்க. கோவப்படறது தப்பில்ல, ஆனா தப்பான ஆள்மேல கோவப்பட்டா சரியான ஆள் தப்பிச்சிடுவாரு. அதனால அடிப்படையிலேந்து ஆரம்பிக்கறேன், சட்டப் புத்தகத்துல இருக்கற நுணுக்கம் எல்லாம் விட்டுட்டு. நான் சொல்ல வர்ற விஷயம் ஒண்ணுதான்: யூனிவர்சிட்டி வேகமா வளரும்போது, வளரணும்னு முடிவு பண்றவங்க ஒரு ரூம்ல இருக்காங்க, அந்த வளர்ச்சிய சுமக்கறவங்க வேற ரூம்ல இருக்காங்க, நடுவுல நின்னு "இது நம்மால முடியுமா"ன்னு கேக்கவேண்டிய குழு ஒண்ணு இருக்கு, அது கேக்கலன்னாதான் பிரச்சனையே.

இன்ட்கோ ஃபேக்டரிய வச்சு பாப்போம்

நம்ம நீலகிரில இன்ட்கோ கூட்டுறவு டீ ஃபேக்டரி தெரியாதவங்க கிடையாது. குந்தால 1962ல ஆரம்பிச்ச பழைய கதை. சிறு விவசாயிங்கதான் மெம்பர். எல்லா மெம்பரும் கூடற கூட்டம் மகாசபை. அதுலேந்து தேர்ந்தெடுக்கற சின்ன குழு நிர்வாகக் குழு. இதுக்கு மேல அரசாங்கம் அனுப்பற அதிகாரி ஒருத்தர். இவங்க எல்லாருக்கும் கீழ இலை எடை போடறவர், ட்ரஃப்ல, அதாவது இலைய வாடவைக்கற தொட்டில, இலைய பரப்பறவர், மெஷின் ஓட்டறவர், கணக்கு எழுதறவர்.

இப்ப ஒரு வருஷம் நிர்வாகக் குழு கூடி பக்கத்து ஊர்க்காரங்க நூறு பேர புதுசா மெம்பரா சேக்கறாங்கன்னு வைங்க. நல்ல விஷயம்தான், அவங்களும் சிறு விவசாயிங்கதானே. தீர்மானம் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும். ஆனா அடுத்த சீசன்ல பச்சை இலை கூட வருது, ட்ரஃப் அதே எண்ணிக்கைதான் இருக்கு. இலை வாடறதுக்கு பத்து பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல வேணும், அத அவசரப்படுத்த முடியாது. குமிச்சு வச்சா உள்ள சூடேறி செவந்துடும். அந்த இலைல போட்ட தூள் குன்னூர் ஏலத்துல விலை போகாது. இப்ப மெம்பருங்க யார்கிட்ட சண்டைக்கு போவாங்க? எடை போடற தம்பிகிட்டதான். "ஏண்டா என் மூட்டைய இவ்ளோ நேரம் வெளிய வச்சிருக்க?" அந்தத் தம்பிக்கும் அந்தத் தீர்மானத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

யூனிவர்சிட்டிலயும் அச்சு அசலா இதுதான். ஒரே ஒரு வித்தியாசம், ஃபேக்டரில மெம்பர்தான் முதலாளி, யூனிவர்சிட்டிக்கு முதலாளின்னு யாருமே கிடையாது. வி.சி.யும் இல்ல, கவர்னரும் இல்ல. டீய இதோட விட்டுடறேன்.

மொதல்ல சட்டம்

அரசு யூனிவர்சிட்டி எதுவும் தானா முளைக்கறதில்ல, சட்டசபைல ஒரு சட்டம் போட்டாதான் பொறக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1857ல போட்டாங்க. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்துக்கு சட்டம் வந்து அது 1982ல ஆரம்பிச்சது. கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984. எந்தெந்த மாவட்டம் யாருக்கு, எந்த குழுவுல யாரு உக்காரணும், வி.சி. எத்தன வருஷம், எல்லாம் அந்தச் சட்டத்துலயே எழுதியிருக்கும். ஊட்டி அரசு கலைக்கல்லூரி 1955லேந்து இருக்கு, அப்ப சென்னைப் பல்கலைக்கழகம்தான் டிகிரி கொடுத்துச்சு, பாரதியார் வந்ததும் நீலகிரி மாவட்டமே அங்க மாறிடுச்சு. காலேஜ் அதே ஸ்டோன் ஹவுஸ் வளாகத்துலதான் இருக்கு, டிகிரில போடற பேரு மட்டும் மாறிச்சு.

நாற்காலிகளும் குழுக்களும்

வேந்தர்னா கவர்னர். இணைவேந்தர்னா உயர்கல்வி அமைச்சர். ரெண்டு பேரும் தினசரி ஆபீஸ் வேலைக்குள்ள வர்றதில்ல. பட்டமளிப்பு விழால வேந்தர பாக்கறோம், அவர் கையில பேப்பர் வாங்கின ஃபோட்டோவ ஹால்ல மாட்டறோம், அதனால அவர்தான் எல்லாம்னு தோணிடுது. அவர் கையில இருந்த பெரிய அதிகாரம் வி.சி. நியமனம். அந்தச் சண்டைக்கு கடைசில வர்றேன்.

துணைவேந்தர், அதாவது வி.சி., தலைமை நிர்வாகி. தமிழ்நாட்டுல பொதுவா மூணு வருஷம். யு.ஜி.சி., அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, அதோட 2018 விதிப்படி பத்து வருஷம் பேராசிரியராவோ, பேர்போன ஆராய்ச்சி இல்லன்னா கல்வி நிர்வாக அமைப்புலயோ இருந்திருக்கணும். கவனிங்க, கல்வி சார்ந்த அனுபவம்தான் தகுதி. நூத்துக்கும் மேல காலேஜ் இருக்கற ஒரு அமைப்ப நடத்தின அனுபவம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல. இது எனக்கு எப்பவும் உறுத்தற விஷயம்.

அவருக்குக் கீழ பதிவாளர், நாம ரெஜிஸ்ட்ரார்னு சொல்றோம். எல்லா ஃபைலும் இவர் மேசைக்கு வந்துதான் போகும், ஆர்டர்ல கையெழுத்து இவருது. தேர்வாணையர்தான் கண்ட்ரோலர், பரீட்சை மொத்தமும் இவர் தலைல. நிதி அலுவலர் பணத்த பாப்பாரு. நிர்வாகம்னு நான் சொல்றது இவங்களத்தான், கூடவே செக்ஷன் செக்ஷனா உக்காந்திருக்கற சூப்பிரண்டு, அசிஸ்டன்ட் எல்லாரையும்.

இப்ப குழுக்கள். செனட், தமிழ்ல பேரவை, பெரிய சபை. காலேஜ் பிரின்சிபால், ஆசிரியர், பட்டதாரி, எம்.எல்.ஏ.ன்னு பல தரப்பும் இருப்பாங்க, வருஷத்துல ரொம்பக் கொறச்ச தடவைதான் கூடும். கல்விக்குழு பாடம் சம்பந்தப்பட்டத மட்டும் பாக்கும். சிண்டிகேட், அதாவது ஆட்சிக்குழு, இதுதான் உண்மையான அதிகாரம். பணம், வேலை நியமனம், நிலம், புது காலேஜுக்கு அனுமதி எல்லாம் இங்கதான் முடிவாகும். வி.சி. தலைவரா உக்காருவாரு, உயர்கல்விச் செயலாளர், கல்லூரிக் கல்வி இயக்குநர் மாதிரி பதவி வழியா வர்றவங்க, செனட்லேந்து தேர்வானவங்க, கவர்னரும் அரசும் நியமிச்சவங்க, எல்லாம் கலந்து ஒரு சின்ன குழு. ஒரு பெரிய மேசைய சுத்தி உக்கார்ற அளவுதான்.

சுருக்கமா: வி.சி.யும் பதிவாளரும் ஓட்டறவங்க. சிண்டிகேட் அனுமதி கொடுக்கறவங்க, கேள்வி கேக்கறவங்க. கவர்னரும் அமைச்சரும் மேல இருக்கறவங்க. ரிசல்ட் லேட்டானா திட்டு விழறது ஓட்டறவங்களுக்கு, ஆனா இவ்ளோ பாரம் ஏத்தலாம்னு கையெழுத்து போட்டது பெரும்பாலும் வேற இடத்துல.

வளர்ச்சி எந்த வழியா வருது

நம்ம ஊர்ல யூனிவர்சிட்டி வளர்றதுன்னா கேம்பஸ்ல புது பில்டிங் கட்டறதுன்னு நெனைக்கறோம். அது ரொம்ப சின்ன பங்கு. பெரிய பங்கு இணைவுக் கல்லூரில இருக்கு. இணைவுக் கல்லூரின்னா தனி நிர்வாகத்துல நடக்கற காலேஜ், அது தனியாரோ அரசோ, பாடம் அவங்க நடத்துவாங்க, பாடத்திட்டமும் பரீட்சையும் டிகிரியும் யூனிவர்சிட்டியோடது. நீலகிரில பி.ஏ., பி.காம். படிக்கற பசங்கள்ல பெரும்பாலானவங்க இப்படித்தான் பாரதியார் மாணவர் ஆகறாங்க, மருதமலை ரோட்டுல இருக்கற அந்த கேம்பஸ்ஸ ஒரு தடவகூட பாக்காம. அன்னை தெரசாவும் அப்படித்தான், ஆபீஸ் கொடைக்கானல் அட்டுவம்பட்டில, ஆனா பழனி, பெரியகுளம், திண்டுக்கல்னு கீழ இருக்கற மகளிர் கல்லூரி அது கையில.

இன்னொன்னு உறுப்புக் கல்லூரி. இது யூனிவர்சிட்டியே சொந்தமா நடத்தற காலேஜ். சம்பளமும் அவங்கதான் கொடுக்கணும். கூடலூர் காலேஜ் பாரதியாரோட உறுப்புக் கல்லூரியாத்தான் இருந்துச்சு, அப்பறம் அரசு கல்லூரியா மாத்திட்டாங்க. மாநிலம் பூரா இதே மாதிரி பல உறுப்புக் கல்லூரிய அரசு எடுத்துக்கிட்டது. ஏன்னு கேட்டா பதில் சிம்பிள், யூனிவர்சிட்டியால சம்பளம் கொடுத்து தாங்க முடியல. ஆனா கூடலூர், பந்தலூர் மாதிரி இடத்துக்கு காலேஜ் வந்தது சின்ன விஷயம் இல்லங்க, மலை ரோட்டுல ஊட்டிக்கு ரெண்டு மணி நேரம் பஸ்ல போய் படிக்க வைக்க எத்தன வீட்டுல பொண்ணுங்கள அனுப்புவாங்க? அதனால வளர்ச்சியே வேண்டாம்னு யாராவது சொன்னா எனக்கு கோவம்தான் வரும்.

அரசு புது காலேஜ் அறிவிக்கறது சட்டசபைல. ஜூன், ஜூலைல வகுப்பு தொடங்கணும். கட்டடம் இல்லன்னா பக்கத்து ஸ்கூல்ல ரெண்டு ரூம் வாங்கி ஆரம்பிச்சிடுவாங்க. யூனிவர்சிட்டி இத வேண்டாம்னு சொல்ற நெலமைல இல்ல. தனியார் காலேஜ்னா அரசு அனுமதி, அப்பறம் யூனிவர்சிட்டிலேந்து இன்ஸ்பெக்ஷன் டீம், அவங்க ரிப்போர்ட், அப்பறம் சிண்டிகேட். லேப் இருக்கா, லைப்ரரி இருக்கா, ஆசிரியருக்கு தகுதி இருக்கான்னு அந்த டீம் பாக்கும், காலேஜ்கிட்ட இது எல்லாம் இருக்கான்னுதான் கேப்பாங்க. இந்தக் காலேஜ சேத்துக்க யூனிவர்சிட்டிகிட்ட ஆள் இருக்கான்னு கேக்கறதுக்கு அந்த ஃபாரத்துல இடமே கிடையாது. என்னக் கேட்டா மொத்தக் கோளாறும் அந்த ஒரு கேள்வி இல்லாததுலதான் இருக்கு.

ஒரே ஒரு கோர்ஸ், ஒரு கணக்கு

ஒரு காலேஜ்ல புதுசா ஒரு டிகிரி கோர்ஸ், 60 சீட்டு. செமஸ்டருக்கு 6 பேப்பர்னு வச்சுக்கலாம். மொத வருஷம் ஒரு பரீட்சைக்கு 360 விடைத்தாள். மூணாவது வருஷம் வந்துட்டா மூணு பேட்ச் இருக்கும், அப்ப 1,080. ஒரு காலேஜுக்கு இது ஒண்ணுமே இல்ல. இப்ப ஒரு யூனிவர்சிட்டி கீழ 100 காலேஜ் ஆளுக்கு ஒரு கோர்ஸ் சேத்தா 1,08,000 விடைத்தாள், ஒவ்வொரு செமஸ்டருக்கும். ஒருத்தர் ஒரு நாளைக்கு 50 திருத்தறார்னு போட்டா 2,160 ஆள் நாள். இது அரியர் இல்லாம, ரீவேல்யூஷன் இல்லாம.

இந்த எண்ணுல ஒரு சூழ்ச்சி இருக்கு, கவனிச்சீங்களா? பாரம் உடனே தெரியாது. அனுமதி கொடுத்த வருஷம் மூணுல ஒரு பங்குதான் வருது. முழு பாரம் வரும்போது அனுமதி கொடுத்த வி.சி.யோட மூணு வருஷம் முடிஞ்சு வேற ஒருத்தர் வந்திருப்பார், சிண்டிகேட் மெம்பரும் பாதி மாறியிருப்பாங்க. கண்ட்ரோலர் ஆபீஸ்ல மட்டும் அதே அசிஸ்டன்ட், அதே மேசை, பக்கத்துல ரிடையர் ஆனவரோட காலி நாற்காலி.

அங்க வேலை எப்படி நடக்கும்னு கொஞ்சம் கிட்டப்போய் பாருங்க. கேள்வித்தாள் எடுக்க வெளி ஆசிரியர், அத சரிபாக்க இன்னொரு குழு, பிரிண்ட், சீல் போட்ட கவர், அத மாவட்டம் மாவட்டமா அனுப்பணும், எழுதின பேப்பர் திரும்பி வரணும், நம்பர் மறைக்கணும், திருத்தற முகாமுக்கு ஆசிரியர வரவைக்கணும், மார்க் ஏத்தணும், அத ஒரு போர்டு பாஸ் பண்ணணும், அப்பறம்தான் ரிசல்ட். இதுல ஊட்டி, கோத்தகிரி ஆசிரியர் முகாமுக்கு கீழ இறங்கிப் போகணும். நவம்பர் பரீட்சை நேரத்துல இங்க மழை கொட்டும், பர்லியார் பக்கமோ கோத்தகிரி ரோட்லயோ மண்ணு சரிஞ்சா கலெக்டர் லீவு விட்டுடுவார். கோயம்புத்தூர்ல வெயில் அடிக்கும், பரீட்சை நடக்கும். அப்ப நீலகிரிக்கு மட்டும் அந்தப் பேப்பர தனியா நடத்தணும், அதே கேள்வித்தாள் கொடுக்க முடியாது, ஏன்னா அது மத்தியானமே வாட்ஸப்ல வந்திருக்கும். அதனால ரெண்டாவது செட் கேள்வித்தாள், ரெண்டாவது தேதி, ரெண்டாவது முகாம். ஒரு மாவட்டத்துல ஒரு நாள் மழைக்கு இவ்ளோ வேலை. ரிசல்ட் ஏன் நமக்கு மட்டும் "வித்ஹெல்டு" (நிறுத்தி வச்சிருக்கு)ன்னு வருதுன்னு கேக்கற பசங்களுக்கு பாதி நேரம் இதுதான் பதில்.

பின்னேற்பு

சிண்டிகேட் எப்படி கேள்வி கேக்கறத மறந்துபோகுதுன்னு புரியணும்னா இந்த ஒரு விஷயம் போதும்.

சிண்டிகேட் மாசாமாசம் கூடணும்னு நெனப்போம், நெசத்துல கூட்டத்துக்கு கூட்டம் பல வாரம் இடைவெளி விழும், செயலாளர் சென்னைல பிஸி, தேவையான அளவு மெம்பர் வரல, தேர்தல் நடத்தை விதின்னு தள்ளிப்போகும். அதுவரைக்கும் வேலை நிக்கக்கூடாதுன்னு, அவசரம்னா வி.சி.யே முடிவெடுக்கலாம், அடுத்த கூட்டத்துல சொல்லிடணும்னு சட்டத்துலயே வழி வச்சிருக்காங்க. அப்படி முன்னாடியே நடந்து முடிஞ்சதுக்கு பின்னாடி ஒப்புதல் வாங்கறதுதான் பின்னேற்பு. ராட்டிஃபிகேஷன்னு சொல்வாங்க.

இது நல்ல ஏற்பாடு. வெள்ளம் வந்தா கூட்டம் போட்டுட்டு இருக்க முடியாதில்ல. ஆனா வேகமா வளர்ற காலத்துல எல்லாமே அவசரம் ஆயிடும். ஜூன்ல கோர்ஸ் ஆரம்பிக்கணும், அவசரம். ஆசிரியர் இல்ல, தற்காலிகமா எடுக்கணும், அவசரம். கம்ப்யூட்டர் வாங்கலன்னா நிதியாண்டு முடிஞ்சு காசு திரும்பிடும், அவசரம். கூட்டம் கூடும்போது அஜெண்டா கட்டு தலகாணி சைசுல வரும், அதுல பாதிக்கு மேல பின்னேற்பு. பத்தாததுக்கு கூட்டம் ஆரம்பிச்ச பிறகு மேசைல ஒரு தாள வைப்பாங்க, அத டேபிள் அஜெண்டான்னு சொல்றது, அதுல இருக்கறத படிக்க டீ குடிக்கற நேரம்கூட கெடைக்காது. ஏற்கனவே பசங்க சேந்து வகுப்புல உக்காந்திருக்கற கோர்ஸ எந்த மெம்பர் ரத்து பண்ணுன்னு சொல்வார்? வேலைல சேந்து ஆறு மாசம் சம்பளம் வாங்கினவர யார் வெளிய அனுப்புவாங்க? கை தூக்கறத தவிர வேற வழி இல்ல.

இதுல யாரும் திருடனா இருக்கணும்னு அவசியமே இல்ல, அதுதான் ஜனங்களுக்கு புரியறதில்ல. வி.சி. நல்லவரா இருக்கலாம், மெம்பருங்க படிச்சவங்களா இருக்கலாம், பதிவாளர் ராத்திரி எட்டு மணி வரை ஃபைல் பாக்கறவரா இருக்கலாம். கேள்வி கேக்கவேண்டிய நேரத்துல கேள்வி கேக்கற குழு கூடல, கூடினப்ப கேள்விக்கு அர்த்தம் இல்ல. அவ்ளோதான். திருடன் இருந்தா அவனுக்கும் இந்தக் கதவுதான் சௌகரியம், அது வேற விஷயம். லோக்கல் ஃபண்டு ஆடிட், அதாவது அரசோட தணிக்கைத் துறை, வருஷா வருஷம் வந்து அப்ஜெக்ஷன் எழுதிட்டுப் போகும், அதுக்கு பதில் எழுதறதுக்கே ஒரு செக்ஷன் தேவைப்படற அளவு சேந்துடும், அப்ஜெக்ஷன் தீரலன்னா அரசு மானியத்த பிடிச்சு வைக்கும்.

இதுவரை: வளர்ச்சிக்கு கதவு பல இடத்துல இருக்கு, சட்டசபை, காலேஜ் விண்ணப்பம், வி.சி.யோட அவசர அதிகாரம். பாரம் மூணு வருஷம் கழிச்சு வருது, ஒப்புதலோ எல்லாம் நடந்து முடிஞ்சபிறகுதான் வருது.

காசு எங்க வருது, எங்க போகுது

மாணவர் கூடினா யூனிவர்சிட்டிக்கு காசு கூடும்னு நெனைக்கறது பாதி உண்மை. பரீட்சை ஃபீஸ், இணைவுக் கட்டணம், இன்ஸ்பெக்ஷன் ஃபீஸ் எல்லாம் வரும். அரசு மானியம் அதே வேகத்துல ஏறாது, நிரந்தரப் பணியிடத்துக்கு அரசு அனுமதி வேணும். அப்ப ஃபீஸ் காசுல தற்காலிகமா ஆள் எடுக்கறாங்க, பாடத்துக்கு கௌரவ விரிவுரையாளர், ஆபீஸுக்கு தினக்கூலி. ஃபீஸ் வருமானம் இந்த வருஷத்துக்கு, சம்பளமும் பென்ஷனும் முப்பது நாப்பது வருஷத்துக்கு. இந்த இடைவெளிதான் யூனிவர்சிட்டிய கவுக்கறது.

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கண்ணு முன்னாடி நடந்த பாடம். 1929ல ஆரம்பிச்ச பெரிய பேரு. 1979லேந்து தொலைதூரக் கல்வி, அதுல நாடு பூரா மாணவர், காசு கொட்டினப்ப ஆள் எடுத்தாங்க எடுத்தாங்க எடுத்துக்கிட்டே இருந்தாங்க. கடைசில சம்பளம் கொடுக்க முடியாத நெலமை வந்து 2013ல அரசு ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரிய நிர்வாகியா போட்டு, புதுச் சட்டமும் போட்டு, அத அரசு பல்கலைக்கழகமா எடுத்துக்கிச்சு. தேவைக்கு மேல இருந்த ஆயிரக்கணக்கான பேர மத்த அரசு காலேஜுக்கும் ஆபீஸுக்கும் பிரிச்சு அனுப்பினாங்க. மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஒரு காலத்துல தொலைதூரக் கல்வில கொடிகட்டிப் பறந்ததுதான். எல்லை தாண்டி சென்டர் நடத்தாதேன்னு யு.ஜி.சி. கறாரா சொன்னதும் அந்த வருமானம் வத்திப்போச்சு, 2023, 2024ல சம்பளமும் பென்ஷனும் வராம ஊழியருங்க போராட்டத்துல உக்காந்தாங்க. தொலைதூரக் கல்வி தப்புன்னு நான் சொல்லல, எஸ்டேட்ல வேலை பாத்துக்கிட்டே டிகிரி முடிச்சவங்க நம்ம பக்கம் எத்தன பேர். வருமானம் நின்னா என்ன பண்றதுன்னு ஆள் எடுத்த அன்னிக்கு சிண்டிகேட்ல யாராவது கேட்டிருக்கணும்.

பிரிச்சுட்டா சரியாகுமா

இதுக்கும் ஒரு பரிசோதனை நடந்தாச்சு. 2001 வரைக்கும் இன்ஜினியரிங் காலேஜ்கள் அந்தந்தப் பகுதி யூனிவர்சிட்டில இருந்துச்சு, கோயம்புத்தூர் பக்கம்னா பாரதியார். அப்பறம் எல்லாத்தையும் அண்ணா பல்கலைக்கழகத்துல சேத்தாங்க. பாரம் தாங்கலன்னு 2007ல கோவை, திருச்சி, திருநெல்வேலின்னு பிரிச்சாங்க, மதுரை பின்னாடி வந்துச்சு. 2012ல மறுபடி எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டாங்க. அந்த இடைப்பட்ட வருஷத்துல படிச்சவங்க டிகிரில ஒரு பேரு, ட்ரான்ஸ்கிரிப்ட் வாங்கப் போனா வேற ஆபீஸ், வெளிநாட்டு வேலைக்கு அப்ளை பண்ணினா விளக்கக் கடிதம். போர்டு மாத்தறது ஈஸி, கண்ட்ரோலர் ஆபீஸ்ல இருக்கற ரெக்கார்ட மாத்தறது அப்படி இல்ல.

இன்னொரு வழி தன்னாட்சி. தன்னாட்சிக் கல்லூரின்னா பாடத்திட்டமும் பரீட்சையும் காலேஜே பாத்துக்கும், டிகிரி மட்டும் யூனிவர்சிட்டி கொடுக்கும். நம்ம மாநிலத்துலதான் 1978ல இந்தியாவுலயே மொதல்ல ஆரம்பிச்சாங்க. பெரிய காலேஜ் தன்னாட்சிக்கு போறதால யூனிவர்சிட்டிக்கு பாரம் குறையும், கூடவே பரீட்சை ஃபீஸும் குறையும். மிச்சம் இருக்கறது சின்ன, ஏழைக் காலேஜ்கள்.

மலைமேல வளர்றதுல ஒரு தனிக் கஷ்டம்

சமவெளில இருக்கற யூனிவர்சிட்டி இடம் பத்தலன்னா மேல ரெண்டு மாடி போட்டுடும். இங்க முடியாது. நீலகிரில கட்டடம் 7 மீட்டருக்கு மேல ஏறக்கூடாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக்குன்னு 1990லேந்து ஒரு ஆணையமே இருக்கு, கொடைக்கானலும் அதுல வரும். மண்ணு எடுக்க ஜேசிபி கொண்டுவரவே இங்க கலெக்டர் பெர்மிஷன் வேணும். சிண்டிகேட்ல "ஹாஸ்டல் கட்டலாம்"னு தீர்மானம் போட ஒரு நாள், அது கட்டடமா எழ எத்தனையோ வருஷம். ஆனா சீட்டு மட்டும் அந்த ஜூன்லயே ஏத்திடுவாங்க. ஒரு ரூம்ல நாலு கட்டில் போடற இடத்துல ஏழு கட்டில் போட்டுட்டு, குளிர்ல வெந்நீருக்கு வரிசைல நிக்கற பொண்ணுங்கள கேட்டா சொல்வாங்க, தீர்மானத்துக்கும் ஹீட்டருக்கும் எவ்ளோ தூரம்னு.

வி.சி. நாற்காலி காலியா இருந்தா

வி.சி. பதவிக்காலம் முடிஞ்சு புது ஆள் வரலன்னா கன்வீனர் கமிட்டின்னு ஒண்ணு போடுவாங்க. சிண்டிகேட் மெம்பர் சில பேர், தலைவரா பெரும்பாலும் உயர்கல்விச் செயலாளர். அவர் சென்னைல இருப்பார், அவருக்கு மாநிலம் பூரா வேலை. தினசரி கையெழுத்து ஓடும், பெரிய முடிவு எதுவும் ஓடாது. பணியிடம் நிரப்பறது நிக்கும். வேடிக்கை என்னன்னா புது காலேஜ், புது கோர்ஸ் மட்டும் நிக்காது, ஏன்னா அந்தக் கதவு வேற இடத்துல இருக்குன்னு மேலயே பாத்தோம்.

யார் நியமிக்கறதுங்கறதுதான் இத்தன வருஷ சண்டை. 2025 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட் கவர்னர்கிட்ட தேங்கிக் கெடந்த 10 மசோதாவுக்கு ஒப்புதல் கெடச்சதா எடுத்துக்கணும்னு சொன்னது, அதுல பல மசோதா வி.சி. நியமனத்த கவர்னர் கையிலேந்து அரசு கைக்கு மாத்தறது. மே மாசம் சென்னை ஹைகோர்ட் அந்தப் பிரிவுகளுக்கு தடை போட்டுச்சு. டிவில விவாதம் பூரா இதுதான் ஓடுச்சு. முக்கியமான சண்டைதான், மாநில உரிமை விஷயம், நான் அரசு நியமிக்கணும்ங்கற பக்கம்தான். ஆனா யார் நியமிச்சாலும் வர்றவர் முன்னாடி அதே அஜெண்டா கட்டு, அதே பின்னேற்பு, அதே காலி நாற்காலி. அத பத்தி ஒரு சேனல்லயும் பேச்சில்ல.

நீங்களே பாக்கணும்னா

சிண்டிகேட் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, மினிட்ஸ்னு சொல்வாங்க, அது ரகசியம் இல்ல. யூனிவர்சிட்டி வெப்சைட்ல இருந்தா அங்கயே பாக்கலாம். இல்லன்னா 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல கேக்கலாம், வெள்ளைத் தாள்ல எழுதி 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஸ்பீட் போஸ்ட்ல போட்டா போதும், 30 நாள்ல பதில் தரணும். "ஏன் ரிசல்ட் லேட்டு"ன்னு கேக்காதீங்க, ஏன்ங்கற கேள்விக்கு பதில் வராது. கடைசி மூணு வருஷத்துல எத்தன புது கோர்ஸுக்கு இணைவு கொடுத்தாங்க, அதே காலத்துல தேர்வுப் பிரிவுல அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தன, அதுல ஆள் இருக்கறது எத்தன, சிண்டிகேட் தீர்மானத்துல பின்னேற்பு எத்தனன்னு நம்பரா கேளுங்க. அலுவலர் பேரு தெரியணும்னு இல்ல, "பொதுத் தகவல் அலுவலர்"னு போட்டு யூனிவர்சிட்டி அட்ரஸ் எழுதினா போய்ச் சேரும், போஸ்ட் ஆபீஸ் ரசீத மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, மேல்முறையீட்டுக்கு அது வேணும்.